எனிடெஸ்க் வேண்டாம் என்றதற்குக் காரணம்

செம்பூர், மும்பை

அன்புள்ள வித்யாவுக்கு,

அப்பாவின் கணினியில், தொலைவிலிருந்தே இன்னொரு கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தால் டொராண்டோவிலிருந்தே சுத்தம் செய்துவிடுகிறேன் என்று நீ சொன்னபோது நான் மறுத்தது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். உன் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் போலி வைரஸ் எச்சரிக்கை அனுப்புகிறவர்கள் கடைசியில் கேட்பதும் இதைத்தான். திரையில் ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டி, பயந்துபோய் அழைப்பவரை இத்தகைய மென்பொருளை இறக்கச் சொல்லி, அதில் தோன்றும் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வங்கிக் கணக்கைத் திறக்க வைப்பது அவர்கள் வழி. எங்கிருந்தோ ஒருவர் உள்ளே நுழைந்து சரிசெய்வது வாடிக்கையான காரியம்தான் என்ற எண்ணம் உன் அப்பாவின் மனத்தில் படிந்துவிடக் கூடாது என்பதற்காகவே தடுத்தேன். வேலை இப்போது முடிந்துவிட்டது. செய்ததை எழுதுகிறேன், ஏதேனும் விட்டுப்போயிருந்தால் சொல்.

அவரைக் கலவரப்படுத்தியவை திரையின் வலது கீழ் மூலையில் ஓயாமல் எழும்பிக்கொண்டிருந்த பெட்டிகள். பெயர் பெற்ற ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருளின் சின்னத்தை அப்படியே நகலெடுத்து, சந்தா இன்றோடு முடிகிறது, வைரஸ்கள் புகுந்துவிட்டன, உடனே புதுப்பியுங்கள் என்று அவை அலறின. அந்த மென்பொருளை நம் வீட்டில் யாரும் வாங்கியதே இல்லை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பெட்டியிலும் பொடி எழுத்தில் ‘கூகுள் குரோம்’ என்றும், பக்கத்தில் வாயில் நுழையாத ஓர் இணைய முகவரியும் இருந்தன. பாதிக் கவலை அப்போதே போய்விட்டது. கணினி தன்னைச் சோதித்துச் சொன்ன செய்தி அல்ல அது. ஏதோ ஒரு தளம் குரோம் வழியாக அனுப்பும் விளம்பரம். சஷ்டி எந்தத் தேதியில் வருகிறது என்று அப்பா பஞ்சாங்கம் தேடியபோது, ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய ‘அலவ்’ என்பதை அழுத்துங்கள் என்று ஒரு பக்கம் கேட்டதாம், அழுத்தியிருக்கிறார். ரோபோ சோதனைக்கும் அந்தப் பொத்தானுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நமக்கு அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்க அந்தத் தளத்துக்கு நாம் தரும் அனுமதி அது.

முதலில் வைஃபையைத் துண்டித்தேன். பக்கத்துக்குள் தெரியும் பெருக்கல் குறியும் பல சமயம் இன்னொரு கண்ணிதான் என்பதால் அதைத் தொடாமல், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து குரோமை மூடினேன். பிறகு குரோமின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைப் பார்த்தேன். அந்த முகவரியோடு இன்னும் சில வேண்டாத விருந்தாளிகளும் அங்கே குடியிருந்தார்கள். எல்லாவற்றையும் நீக்கியதும் பெட்டிகள் நின்றுவிட்டன. யாரும் நிறுவியதாக நினைவில்லாத ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமோடு ஒட்டிக்கொள்ளும் துணைநிரல், தேடுபொறியை மாற்றி வைத்திருந்தது, அதையும் எடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம், ஆனால் அப்பா அந்தப் பெட்டிகளில் ஒன்றை அழுத்தி, கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொன்ன ஒரு மென்பொருளையும் இறக்கியிருந்தார். அது கண்சிமிட்டும் நேரத்தில் நூற்றுக்கணக்கான அபாயங்களைக் கண்டுபிடித்துவிட்டதாம்! வட்டு முழுவதையும் அவ்வளவு விரைவில் யாராலும் ஆராய முடியாது. இத்தகைய மென்பொருள்கள் இணையதளங்கள் விட்டுச்செல்லும் சாதாரண குக்கி கோப்புகளையும், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள பழைய பதிவுகளையும் ஆபத்து என்று எண்ணிக்காட்டும், இல்லையென்றால் கற்பனையாகவே ஒரு பட்டியலைப் போட்டுவிடும். அட்டை எண்ணைக் கேட்ட இடத்தில் அவர் நிறுத்திக்கொண்டது நல்லதாயிற்று. நிறுவப்பட்ட செயலிகளைத் தேதிவாரியாக அடுக்கி அதை நீக்க முயன்றபோது, நிச்சயமாக வேண்டாமா, பாதுகாப்பு போய்விடுமே என்று இரண்டு முறை கெஞ்சியது. நீக்கிய பிறகும் மறுதொடக்கத்தில் மீண்டும் தலைகாட்டியதால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து அவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடுக்குப் போய், மிச்சமிருந்த கோப்புறையையும் குறித்த நேரத்தில் தானாக இயங்க வைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் அது போட்டு வைத்திருந்த பதிவையும் அழித்தேன்.

விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை இயக்குவதற்கு முன், எவற்றைச் சோதிக்க வேண்டாம் என்று குறிக்கும் அதன் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலையும் பார்த்தேன். இந்தக் கோப்புறையைச் சோதிக்காதே என்று தீநிரல் அங்கே எழுதி வைத்துவிட்டால் எத்தனை முறை சோதித்தாலும் பயனில்லை. நல்லவேளை, பட்டியல் காலியாக இருந்தது. முழுச் சோதனையும், விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே நடக்கும் ஆஃப்லைன் சோதனையும் செய்தேன். இரண்டாவது கருத்துக்கு மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் அட்வ்கிளீனர் என்ற விளம்பர நிரல் நீக்கியை அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்கி ஓட்டினேன். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் 2017 முதல் இலவசக் கருவிகள் தருகிறது. தேடுபொறியில் முதலில் வரும் ‘இலவச நீக்கி’களில் கைவைக்கவில்லை, நோயும் மருந்தும் ஒரே கடையில் விற்கும் இடங்கள் அவை.

லாமிங்டன் சாலைக் கணினிக் கடைகளில் விசாரித்தபோது, பார்க்காமலேயே வட்டை முழுவதும் அழித்து ஃபார்மட் செய்யச் சொன்னார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் போல ஆழப் பதிந்த ஒன்றாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு அறிவிப்பு அனுமதிக்கும் ஒரு போலி மென்பொருளுக்கும் அது மிகை. இது பழைய வியாபாரம்தானே. வின்ஃபிக்ஸர், வின்ஆன்டிவைரஸ் என்ற பெயர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பயமுறுத்தி விற்ற கூட்டத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2008-இல் வழக்குத் தொடர்ந்தது, 2012-இல் 16.3 கோடி டாலர் செலுத்தும்படி தீர்ப்பும் வந்தது. அன்று மென்பொருளாக வந்தது, இன்று குரோம் அறிவிப்பாக வருகிறது.

மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் அன்றி என் கைபேசியிலிருந்து மாற்றினேன். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும் என்று எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இனி நிர்வாக உரிமை இல்லாத சாதாரணக் கணக்குதான். எதை நிறுவினாலும் என் கடவுச்சொல்லைக் கேட்கும். தன் சொந்தக் கணினியில் தனக்கே அதிகாரம் இல்லையா என்று இரண்டு நாளாக முணுமுணுக்கிறார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அந்தக் கடவுச்சொல்லை உனக்குத் தொலைபேசியில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னிடம் முறையிடுவார், இரக்கப்பட்டுச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்மா