முகப்பைத் திறந்துவிட்டவர்களுக்கு

அன்புள்ள ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

போன வாரம் டப்பிங் முடிந்தது. படம் நின்றுவிடாது என்று இப்போதுதான் தைரியமாகச் சொல்ல முடிகிறது. அதனால் முதல் வேலையாக இந்த மடல்.

இரண்டு வருடம் கதையோடு சென்னையில் அலைந்தேன். பணம் போடுகிறவர்கள் "யார் நடிக்கிறாங்க?" என்றார்கள். நடிகர்களின் மேனேஜர்கள் "தயாரிப்பாளர் யாரு, அட்வான்ஸ் எப்போ?" என்றார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அதே கதைதான். ஒரு நிறுவனம் எட்டு மாதம் காக்கவைத்துவிட்டு, கடைசியில் போனையே எடுக்கவில்லை. சரி, ஊருக்கே போவோம் என்று காரைக்குடிக்கு பஸ் ஏறினேன்.

முடிச்சை முதலில் அவிழ்த்தவர் பெரியப்பாவாக நடித்தவர். படம் வரும்வரை பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கதையை வாயால் சொல்லாதீர்கள், முழு ஸ்கிரிப்டையும் அனுப்புங்கள் என்றார். நான்காம் நாள் கூப்பிட்டு, "கடைசியில அவர் ஏன் அழணும்? திண்ணைக்குக் கீழ செருப்பைத் தேடுனா போதாதா?" என்று கேட்டார். அன்றைக்கே அந்தக் காட்சியை மாற்றி எழுதினேன். அட்வான்ஸ் வாங்காமல், மார்கழியில் 18 நாள் கால்ஷீட் தருகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சம்பளம் படத்தின் வரவிலிருந்து.

அந்தத் தாளோடுதான் கானாடுகாத்தான் ஆச்சி வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "லாபத்தை அப்புறம் பேசலாம் தம்பி. பணம் எங்க இருக்கும், யார் கையெழுத்துல வெளிய வரும், அதைச் சொல்லு" என்றார். என்னிடம் பதில் இல்லை. பதிலையும் அவரே சொல்லிக்கொடுத்தார். தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. படப்பிடிப்புக்கு வேண்டிய தொகை முழுக்கச் சேரும்வரை ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது. தீபாவளிக்குள் சேராவிட்டால் எல்லோருக்கும் திருப்பிவிட வேண்டும். வரவு வந்தால் முதலில், பணம் போட்டவர்களுக்கு அவர்கள் போட்ட தொகை, அடுத்து சம்பள பாக்கி, மிச்சம்தான் லாபப் பங்கு. நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, தன் பெயரில் ஒரு லட்சம் எழுதினார்.

தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ வைத்து ஏவி. மெய்யப்பன் படம் எடுத்த காலத்தில் ஆச்சி சின்னப் பெண். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றதைச் சொல்லும்போது ஆச்சிக்குக் குரல் மாறிவிட்டது.

சின்னத் தொகை தரத் தயங்கியவர்களிடம், 1976-ல் குஜராத்தில் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு ஷியாம் பெனகலின் 'மந்தன்' படம் எடுத்ததைச் சொன்னேன். பள்ளத்தூர் டீக்கடை அண்ணன் மறுநாளே ஐயாயிரத்தோடு வந்து நின்றார். அவருக்கும் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தேன்.

பணத்தைவிடக் கஷ்டம், படம் எடுக்கக் கேட்ட பழைய செட்டிநாட்டு வீடு. அந்த வீட்டுக்கு 23 பங்காளிகள். பாதிப் பேர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும். ஒருவர் வேண்டாம் என்றாலும் முகப்புக் கதவு திறக்காது. கொத்தமங்கலம் அண்ணன் ராத்திரி பதினொரு மணி வரை போனில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கினார். வாடகையையும் பங்காக எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். கேட்டது ஒன்றுதான்: தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழக் கூடாது. டிராலிக்குத் தண்டவாளம் போடும்போது பக்கத்து வீட்டு அக்காமார்கள் பழைய ஜமக்காளங்களைக் கொண்டுவந்து அடியில் விரித்தார்கள். நாங்கள் கேட்கவே இல்லை. தினமும் சாயங்காலம் யூனிட் முழுவதற்கும் வெள்ளைப் பணியாரமும் வந்தது.

முதல் காட்சி உங்களுக்குத்தான். அந்த வீட்டு வளவிலேயே, நடு முற்றத்தில், திரை கட்டுகிறோம். ஆச்சி, உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கும். கணக்கு நோட்டையும் கொண்டுவருகிறேன்.