சூரியனும் நிலாவும் போட்ட மாத்திரை டப்பா

கோவில்பட்டி
12.10.2025, ஞாயிறு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய கல்லூரி விண்ணப்பக் கட்டுரையை மூன்று முறை படித்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கிறாய், நமக்கு நடுவே ஒன்பதரை மணி நேரம். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இங்கே நள்ளிரவு. நான் ஓய்வாக இருக்கும் காலையில் நீ தூக்கக் கலக்கத்தில் "ம்" மட்டும் கொட்டுகிறாய். அதனால் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுவேன். எட்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்குக் காரோட்டியவனுக்கு இந்தப் பலன்கூட இல்லையா? புரியாத இடத்தை அம்மாவிடம் கேட்டுக்கொள்.

ஆச்சி தேறிவிட்டாள். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை நடக்கிறாள். பிசியோதெரபிக்குப் பையன் வரும் நேரத்தில் மட்டும் சொல்லிவைத்தாற்போல வலி கூடிவிடுகிறது.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். 650 சொல்லுக்குள் எழுதச் சொன்னார்கள், நீ 641 எழுதியிருக்கிறாய். இங்கிலீஷ் அருமை. சலங்கைச் சத்தத்தில் தொடங்குகிறது, இரண்டு உலகங்களுக்கு நடுவே நிற்கும் பெண் வருகிறாள், மஞ்சள் மணக்கும் பாட்டியின் கைகள் வருகின்றன, கடைசியில் இரண்டு உலகமும் ஒன்றாகிவிடுகின்றன. அந்தப் பெண்ணுக்குப் பரதம்தான் உயிர். எனக்குத் தெரிந்த பெண் அரங்கேற்றம் முடிந்த மறுநாள் சலங்கையைப் பெட்டிக்குள் போட்டவள், இன்றுவரை வெளியே எடுக்கவில்லை. பாட்டி கையும் அப்படித்தான். ஆச்சி கையில் நான் பிறந்ததிலிருந்து அமிர்தாஞ்சன்தான் மணக்கிறது.

கோபப்படாதே. இந்தக் கட்டுரையை உனக்குள் எழுதிவைத்தவனே நான்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து "உன் பண்பாட்டைப் பற்றி எழுது, அதுதான் உன்னைத் தனியாகக் காட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன் இல்லையா. நம் வாட்ஸப் குழுவில் இருக்கும் அங்கிள்கள் இதற்கு நேர் எதிராகச் சொன்னார்கள். வயலினை மறை, ஸ்பெல்லிங் பீ போட்டியை மறை, ஆசியக் களையே தெரியக்கூடாது என்றார்கள். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. மாணவர் சேர்க்கையில் இனம் பார்ப்பதை எதிர்த்து ஹார்வர்டு மேல் போட்ட வழக்கில், ஆசிய மாணவர்களுக்குக் குணத்துக்கான மதிப்பெண் சராசரியாகக் குறைவாகவே போடப்பட்டது என்று சாட்சியம் வந்தது. வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக நிரூபணம் ஆகவில்லை என்று கீழ் நீதிமன்றம் சொல்லிவிட்டது, அது வேறு விஷயம். அவர்கள் மறைக்கச் சொன்னார்கள், நான் காட்டச் சொன்னேன். எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்று உன்னிடம் யாருமே கேட்கவில்லை.

அந்த வழக்கில் 2023 ஜூன் 29 அன்று வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இங்கே உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். ஆச்சி தூங்கும் மத்தியானங்களில் வேறு என்ன வேலை? இனத்தைக் குறிக்கும் கட்டத்தில் போட்ட டிக்கை வைத்து இடம் கொடுக்கக்கூடாது என்பதுதான் செய்தியில் வந்தது. கடைசிப் பக்கங்களில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று ஒரு மாணவர் தானே எழுதினால், அதைக் கல்லூரி எடுத்துக்கொள்ளத் தடையில்லையாம். பண்பாடு தூண்டி ஒருவர் ஒரு பொறுப்பை ஏற்றிருந்தால், அவரால் அந்தக் கல்லூரிக்கு என்ன தர முடியும் என்பதோடு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டு அதோடு விடாமல், அந்த வீட்டில் வளர்ந்து நீ என்ன செய்தாய் என்றும் கேட்கிறார்கள்.

என்னை இப்படி யாரும் கேட்டதில்லை. 1994-இல் எனக்கு இன்ஜினியரிங் கிடைத்தது ஒரு எண்ணாலும் ஒரு தாளாலும். பிளஸ் டூ மார்க்கையும் நுழைவுத் தேர்வு மார்க்கையும் கூட்டி வந்தது எண். தாள் என்பது தாலுகா ஆபீசில் நாலு நாள் நின்று வாங்கிய சாதிச் சான்றிதழ். என் பின்னணி என்றால் தாசில்தார் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும்தான். குறை சொல்லவில்லை. 69 சதவீத இடஒதுக்கீடு இல்லையென்றால் நம் வீட்டில் முதல் பட்டதாரி இருந்திருக்க மாட்டான், நீ மேரிலாந்தில் பிறந்திருக்கவும் மாட்டாய். அங்கே அதே கல்லூரியில் படித்தவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று ஒன்று உண்டே, அதுவும் பின்னணி பார்ப்பதுதான். நம் மேரிலாந்து மாநிலம் 2024-இல் சட்டம் போட்டு அதை நிறுத்திவிட்டது. பல இடங்களில் இன்னும் நடக்கிறது. ஆகவே பின்னணி என்ற சொல்லைக் கண்டு நீ கூச வேண்டியதில்லை. ஆனால் ஸ்டாம்ப் குத்திய தாளை நீட்டுவதுபோல சலங்கையை நீட்டிப் பழகினால் உனக்கே அலுத்துவிடும். படிக்கிறவருக்கும்தான்.

விண்ணப்பத்தில் காட்டும் சேவை விஷயத்தில் நான் செய்த தப்பு இதைவிடப் பெரிது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

2022 ஜூலையில் ஆச்சி பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது பதினாலு வயது. நூறு நோட்டு, நூறு பேனா, உன் பெயர் இரண்டு மொழியில் போட்ட ஒரு ஃபிளெக்ஸ். வழியில் பரோட்டா சாப்பிட நிறுத்தியதில் ஒரு மணி நேரம் தாமதம். அதுவரைக்கும் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆடிக் காற்றில் ஃபிளெக்ஸ் படபடவென்று அடித்ததும், இரண்டு பையன்கள் அதன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றதும் கண்ணிலேயே நிற்கிறது. நீ நோட்டைக் கொடுக்கும்போது ஒரு சின்னப் பெண் உன்னிடம் ஏதோ சொன்னாள். காரில் வரும்போது நீ பேசவில்லை. வெகு நேரம் கழித்து, "அப்பா, அவங்களுக்கு நோட்டு எல்லாம் கவர்ன்மென்ட்டே குடுத்துருச்சாம்" என்றாய். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பாடப் புத்தகமும் நோட்டும் இலவசம் என்பது அந்த மண்ணில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "இருக்கட்டும், ஃபோட்டோ நல்லா வந்திருக்கு."

இந்த ஆகஸ்டில் விண்ணப்பம் திறந்ததும், படிப்புக்கு வெளியே செய்த பத்து நடவடிக்கைகள் எழுதும் இடத்தில் எட்டை நிரப்பிவிட்டு நீ நிறுத்திவிட்டாய். நோட்டுப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். "அது சர்வீஸ் இல்லப்பா, ஷூட்டிங்" என்றாய். அன்று உன்னோடு சண்டை போட்டேன். பத்தும் நிரம்பாமல் அனுப்புவது அரைத் தட்டுச் சாப்பாட்டோடு எழுந்திரிப்பதுபோல எனக்குப் பட்டது. இப்போது தோன்றுகிறது, அந்தப் பத்தில் நீ எழுதாமல் விட்ட அதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

என் கல்லூரி நாளிலும் இதே கூத்துதான். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் காட்டினால் சான்றிதழ். முகாமுக்குப் போய் சீமைக் கருவேலத்தை வெட்டினோம், ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தோம், ஊர்க்காரர்கள் போட்ட சாப்பாட்டை வெளுத்துக் கட்டினோம். வேரை விட்டுவிட்டு வெட்டினால் கருவேலம் மறுபடி தழைக்கும் என்பது அந்த ஊரில் ஆடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும். எங்கள் யாருக்கும் அவனைக் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பள்ளி முடிக்க 75 மணி நேர சேவை வேண்டும், அதை நீ எட்டாம் வகுப்பிலேயே டப்பா உணவு அடுக்கி முடித்துவிட்டாய். அதற்கு மேல் பதினாறு வயதில் லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று தொடங்கி, தானே தலைவராகி, வெப்சைட் போட்டு, கல்லூரிக் கடிதம் வந்த மாதமே அதை மூடிவிடுகிற பிள்ளைகளை நீயும் பார்க்கிறாய், நானும் பார்க்கிறேன். அவர்களைத் திட்ட எனக்கு வாயில்லை. ஃபிளெக்ஸ் அடித்தவன் நான்.

போன வாரம் ஆச்சியின் மருந்துகளை ஒழுங்குபடுத்தினேன். ஆஸ்பத்திரியில் புதிதாகக் கொடுத்தவை ஒரு பை நிறைய. அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் தரச் சொன்னாள். உள்ளே நாலு பிளாஸ்டிக் டப்பா. ஒன்றில் "காலை" என்று உன் கோணல் எழுத்து, பக்கத்தில் மஞ்சள் சூரியன். இன்னொன்றில் நிலா. 2023-இல் ஆறு மாதம் நம்மோடு இருந்துவிட்டு வந்தபோது கொண்டுவந்தது. "இதுல போட்டாத்தான் எனக்கு வெளங்கும்" என்கிறாள்.

அந்தக் கோடையை மறந்தே போயிருந்தேன். ஆச்சி இங்கிருந்து கொண்டுவந்த டோலோவை மூட்டுவலிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வலி நிற்கவில்லை என்று நான் டைலனால் வாங்கிக் கொடுத்தேன். நீதான் இரண்டு அட்டையின் பின்பக்கத்தையும் படித்துவிட்டு, இங்கே பாராசிட்டமால் என்பதும் அங்கே அசெட்டமினோஃபென் என்பதும் ஒரே மருந்து என்று கண்டுபிடித்தாய். கடைக்குப் போய் ஃபார்மசிஸ்டிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு வந்து, "ரெண்டையும் சேத்துப் போட்டா அளவு கூடி ஈரல் கெட்டுப்போகலாம், ரெண்டு பேரும் இன்ஜினியரா?" என்று எங்களைக் கேட்டாய். (விண்ணப்பக் கட்டுரைக்கு 650 சொல் என்று கேள்விப்பட்டதும் எனக்கு டோலோதான் ஞாபகம் வந்தது.)

அஞ்சாம் வகுப்பு படித்த ஆச்சிக்குத் தமிழ் எழுத்து போதுமாக இருந்தது. ஆனால் பார்க் பெஞ்சில் அவளோடு உட்காரும் தெலுங்குப் பாட்டியும் குஜராத்திப் பாட்டியும் எங்களுக்கும் எழுதிக் கொடு என்றபோதுதான் நீ சூரியனுக்கும் நிலாவுக்கும் போனாய். சாப்பிடும் முன் என்றால் காலித் தட்டு, சாப்பிட்ட பின் என்றால் சோறு வைத்த தட்டு. அந்தப் பாட்டிகள் ஊர் திரும்ப, அடுத்த வருஷம் வேறு பாட்டிகள், ஒரு தாத்தா. இப்போதும் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி விட்டதும் இரண்டு மூன்று வீடு போய்வருகிறாய் என்று அம்மா சொன்னாள். உன் எட்டு நடவடிக்கைகளில் அது இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது சும்மா பாட்டிங்களுக்குப்பா" என்றாயாம்.

சும்மாதான். ஆனால் 2016-இல் ஹார்வர்டு கல்வியியல் பள்ளியிலிருந்து வந்த ஓர் அறிக்கையைப் படித்தேன். நிறைய இடங்களில் தலைகாட்டுவதைவிட ஒன்றிலேயே நாள்பட நிற்பதைப் பாருங்கள், வீட்டில் பெரியவர்களையும் சின்னவர்களையும் கவனிப்பதையும் சேவையாக எண்ணுங்கள் என்று கல்லூரிகளுக்குச் சொல்கிறது. உன் விண்ணப்பத்திலேயே குடும்பப் பொறுப்புகள் என்று ஒரு பிரிவு இருக்கிறது, கீழே இறங்கிப் பார். 150 எழுத்துதான் இடம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். ஒரு மணி என்றால் ஒன்று என்றே போடு. நான் பக்கத்தில் இருந்திருந்தால் மூன்று போடச் சொல்லியிருப்பேன், நல்லவேளை கோவில்பட்டியில் இருக்கிறேன்.

கட்டுரையும் இதைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் ஃபிளெக்ஸ் அடிப்பதாகிவிடும். எழுதுவதானால் இரண்டு விஷயம் மட்டும். நீ மருந்து கொடுக்கவில்லை, லேபிள்தான் ஒட்டினாய். சந்தேகம் வந்தபோது தெரிந்தவரைக் கேட்டாய். அதை அப்படியே எழுது, டாக்டர் ஆகிவிடாதே. அப்புறம், அந்தப் பாட்டிகளின் நோய் நொடியை அவர்களைக் கேட்காமல் எழுதாதே. ஆச்சியிடம் நானே கேட்டுவிட்டேன். "எழுதட்டும், ஆனா எனக்குச் சுகர்னு மட்டும் போட வேண்டாம், பாக்குறவன் இனிப்புத் தர மாட்டான்" என்றாள். மேரிலாந்தில் உட்கார்ந்து படிக்கிறவர் இவளுக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தரப்போகிறார் என்று யார் சொன்னது என்று தெரியவில்லை.

சலங்கையையும் மொத்தமாகத் தூக்கிவிடாதே. பதினோரு வருஷம் கற்ற ஒன்றை மறுநாளே மூடி வைத்தாயே, அது ஏன் என்று எனக்கு நீ சொன்னதே இல்லை. கல்லூரிக்கு எழுத வேண்டாம், எனக்கு எழுது.

முன்கூட்டியே விண்ணப்பிப்பதற்கான கெடு நவம்பர் 1, அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் முடியாவிட்டால் ஜனவரிக்கு அனுப்பலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இடம் கிடைக்காமலும் போகலாம். அதைப் பற்றி அம்மா பேசிக்கொள்வாள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

ஆச்சி கூப்பிடுகிறாள், ராத்திரி மாத்திரை நேரம். நிலா போட்ட டப்பாவில் பாதி நிலா அழிந்துவிட்டது. நான் வரைந்து பார்த்தேன், அது முறுக்கா என்று கேட்கிறாள். டிசம்பரில் வரும்போது அழியாத மார்க்கர் இரண்டு கொண்டு வா, மஞ்சளும் நீலமும்.

அன்புடன்,
அப்பா