ஒரே கம்பெனியில் என்னை இருக்கவைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதக் கடைசியோடு சென்னை சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து விலகி ஊருக்கு வருகிறேன். 1998-ல் சேர்ந்த இடம், அப்புறம் வேறெங்கும் போகவில்லை. விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து ஆபீசிலும் ராமேஸ்வரம் பக்கத்தில் எங்கள் ஊர் தங்கச்சிமடத்திலும் ஒரே கேள்விதான்: "எப்படிக்கா ஒரே எடத்துல இத்தனை வருசம்?" ஏதோ நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சாதித்ததுபோல கேட்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. நான் கிளம்பிப் போயிருக்க வேண்டிய நேரம் பல தடவை வந்தது, ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் குறுக்கே வந்து நிறுத்தினார். அந்த ஆட்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போடவில்லை. நாலு பேர் பெயரைப் போட்டு ஐந்தாவது ஆள் விட்டுப்போனால் ஊரில் தலைகாட்ட முடியாது. படித்தால் யார் என்று உங்களுக்கே தெரியும்.

கீழக்கரையில் எனக்குப் பாடம் எடுத்த சாருக்கு முதல் நன்றி. வகுப்பே சி பிளஸ் பிளஸ், ஜாவா என்று ஓடிக்கொண்டிருந்தபோது, கோபோல் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியைப் படி என்று என்னைத் தனியாக உட்காரவைத்தவர் நீங்கள். அது செத்த மொழி சார் என்று பையன்கள் சிரித்தார்கள். "செத்ததா இல்லையான்னு பேங்க்காரன்கிட்ட கேளு, இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட கேளு" என்றீர்கள். 2000-ஆம் ஆண்டு பிறப்பதற்குள் பழைய புரோகிராம்களை எல்லாம் திருத்தியாக வேண்டும், அதற்கு உலகம் முழுக்க ஆள் தேடுகிறார்கள் என்பதை எங்கள் கரையில் எனக்குச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். வேலை கிடைத்தது அதனால்தான்.

அப்புறம் பஜாரில் எஸ்டிடி பூத் வைத்திருந்த பாய். எங்கள் வீட்டில் போன் இல்லை, உங்கள் நம்பர்தான் எனக்கு பி.பி. நம்பர், அதாவது வீட்டு ஆளைக் கூப்பிட்டுத் தருகிற நம்பர். கட்டணம் குறையும் நேரம் பார்த்து ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் நான் கூப்பிடுவேன். கடையைச் சாத்தாமல் காத்திருந்து, பையனை அனுப்பி அம்மாவைக் கூட்டிவந்து பேசவைத்தீர்கள். சென்னையில் முதல் வருடம் நான் அழாத ராத்திரி குறைவு. அந்த போன் மட்டும் இல்லையென்றால் பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போயிருக்க மாட்டேன், இது சத்தியம்.

இனி என் முதல் டீம் லீடர் அக்கா. உங்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

நான் சேர்ந்தபோது வேலை என்றால் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மெயின்பிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்களில் தேதி வருகிற இடத்தையெல்லாம் தேடிப் பிடிப்பது. அந்தக் காலத்தில் இடம் மிச்சம் பிடிக்க வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான் வைத்திருந்தார்கள், 2000 பிறந்தால் 00 என்பதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். அதைத் திருத்த எல்லோரும் எடுத்த குறுக்குவழி, 00 முதல் 49 வரை வந்தால் 2000-க்கு மேல், 50 முதல் 99 வரை வந்தால் 1900 என்று ஒரு கோடு போட்டுவிடுவது. சீக்கிரம் முடியும். ஆனால் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "1949-ல பொறந்த தாத்தா பாலிசி எடுத்திருந்தா என்னடி ஆகும்?" அவர் 2049-ல் பிறப்பார்! பிறந்த தேதிக்கு நாலு இலக்கமாக மாற்றியே ஆக வேண்டும் என்று மேலே போய்ச் சண்டை போட்டீர்கள். அதோடு விட்டீர்களா, வரியின் ஏழாவது எழுத்து இடத்தில் நட்சத்திரம் போட்டு (அது குறிப்பு வரி என்று அடையாளம்), எங்கே 50 என்று கோடு போட்டோம், ஏன் போட்டோம், யார் சொல்லிப் போட்டோம் என்று ஒவ்வொரு இடத்திலும் எழுதச் சொன்னீர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்று அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் புதுப் பிள்ளைகள் அந்த சிஸ்டத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

டம்ப், அதாவது புரோகிராம் விழுந்த நேரத்தில் மெமரியில் இருந்ததை அப்படியே கொட்டிய பட்டியல், அதைப் படிக்கவும் நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள். நடுராத்திரி ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் சாக்-செவன் (S0C7) என்ற பிழையோடு விழுந்தால், எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லாத ஏதோ குப்பை வந்திருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கண்ணி அறுந்தது என்று அப்பா இருட்டிலேயே வலையைத் தடவிக் கண்டுபிடிப்பார், அந்தப் பொறுமை இதற்கும் வேண்டியிருந்தது. 1999 டிசம்பர் 31 ராத்திரி பூசைக்குப் போகாத முதல் வருடம் எனக்கு. நமக்கு விடிந்து காலை 10.30 ஆனால்தானே நியூயார்க் பக்கம் நள்ளிரவு, அதுவரை எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். விடிகாலையில் ஆபீஸ் வாசலுக்கே இட்லி கொண்டுவந்து கொடுத்த ஆதம்பாக்கம் ஹாஸ்டல் அக்காவுக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் "சும்மா பயமுறுத்தினாங்க" என்று ஊரெல்லாம் பேசினார்கள். சும்மாவா ஆகாமல் போச்சு?

அப்பா கடலில் பிடிபட்டு அக்கரையில், இலங்கையில் இருந்த சமயம். எப்போது விடுவார்கள் என்று தெரியாது, அம்மா தினமும் ராமேஸ்வரத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் மற்ற பெண்களோடு அலைந்துகொண்டிருந்தாள். நான் ராஜினாமா கடிதமே எழுதிவிட்டேன். மேனேஜர் சார், அதைப் படிக்காமலே டிராயரில் வைத்துப் பூட்டி, "அப்பா வந்ததும் வந்து வாங்கிக்கோ" என்றீர்கள். என்னுடைய ஆன்-கால் முறை (எந்த நேரம் கூப்பிட்டாலும் வேலை பார்க்க வேண்டிய பொறுப்பு) முழுவதையும் நாகர்கோவில்காரர் ஒருவரும் குண்டூர்க்காரர் ஒருவரும் பிரித்துக்கொண்டார்கள், ஒரு நாள்கூட சொல்லிக்காட்டியதில்லை. அப்பா வந்தார். கடிதத்தை நான் கேட்கவில்லை, நீங்களும் கொடுக்கவில்லை.

குழந்தை பிறந்தபோது 12 வாரம்தான் லீவு, 26 வாரம் ஆனது 2017-ல்தான். அம்மா, நீ கருவாட்டு வியாபாரத்தைச் சித்தியிடம் விட்டுவிட்டு வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் வந்து அடைந்து கிடந்தாய். கடல் காற்று இல்லாமல் உனக்கு மூச்சே முட்டியது, எனக்குத் தெரியும். ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது தெரு திரும்பும்வரை வண்டியை எடுக்காமல் நின்று, நீ கதவைத் திறந்த பிறகே போன பரமக்குடி டிரைவர் அண்ணனையும் உனக்கு ஞாபகம் இருக்கும். அண்ணே, உங்களுக்கும் நன்றி.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். கம்பெனி மாறிமாறிப் போன என் கூட்டாளிகள் என்னைவிட நிறையச் சம்பாதித்தார்கள். உள்ளேயே இருக்கிறவளுக்கு ஒரு விலை, வெளியிலிருந்து வருகிறவருக்கு வேறு விலை, இந்தத் தொழிலில் அதுதான் நடைமுறை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, இல்லை என்று நடிக்க மாட்டேன். ஆனால் ஒரு புரோகிராமில் ஒரு வரி ஏன் இருக்கிறது என்று கேட்டால் "அவளைக் கேளு" என்று சொல்லும்படி இருந்தேனே, அந்த இடம் ஒரே கம்பெனியில் நீடித்தால்தான் கிடைக்கும். சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்து அப்படியே இருந்துவிடவும் வேண்டாம். உங்களுக்கு என் அக்கா மாதிரி ஒரு லீடர் கிடைத்தால் இருங்கள், இல்லாவிட்டால் கிளம்புங்கள்.

கடைசி டீம் பிள்ளைகளே, உங்களுக்கு நான் பட்ட கடன் தனி. கிட் (புரோகிராமில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கிற Git), பைத்தான், கிளவுட் எல்லாம் என் பிள்ளை வயதில் இருக்கிற உங்களிடம்தான் கற்றேன். "அக்கா, ஃபைலை மெயில்ல அனுப்பாதீங்க, கமிட் பண்ணுங்க" என்று தினமும் சலிக்காமல் சொன்னீர்கள். மெயின்பிரேம் என்ன டைனோசரா என்று நீங்கள் கேலி செய்ததை ஒருமுறை அப்பத்தாவிடம் சொன்னேன். அவள் தனுஷ்கோடியில் வாழ்ந்தவள். அந்த மெஷினுக்கு மூலமான ஐபிஎம் 360-ஐ அறிவிச்சது 1964-ல், நீங்க புயலுக்கு ஓடிவந்த அதே வருசம் அப்பத்தா, அப்ப எழுதின புரோகிராம் இன்னைக்கும் ஓடும் என்றேன். "அப்ப எழுதினவன் கெட்டிக்காரன்டி" என்றாள். அவ்வளவுதான், வேறெதுவும் கேட்கவில்லை.

2020-ல் மொட்டைமாடியில் சிக்னல் தேடி லேப்டாப்போடு உட்கார்ந்தவளுக்குக் குடை பிடித்த பக்கத்து வீட்டு மதினி, பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாத காலத்தில் மண்டபத்திலிருந்து பெட்டியோடு கூட்டிவந்த தம்பி, எல்லோரையும் எழுத இடம் போதாது.

எல்லோரும் கட்டாயம் வீட்டுக்கு வாங்க. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாச்சு, ரயில் மறுபடி ராமேஸ்வரம்வரை வருகிறது, அங்கே இறங்கி ஒரு போன் போட்டால் தம்பி ஆட்டோவோடு வந்துவிடுவான். ஒன்று மட்டும் கவனம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, கிடைக்கிற நாட்டுப்படகு மீனும் யானை விலை விற்கும். அதற்கப்புறம் வந்தால் அம்மா கையால் நண்டுக் குழம்பு. டீம் லீடர் அக்காவுக்கு நண்டு ஆகாது என்று ஞாபகம் இருக்கிறது, அவருக்குத் தனியாகப் பாறை மீன் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.