சர்வர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: லீக் எங்கள் கோடில் இல்லை

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். மாட்டுத்தாவணிப் பக்கம் அதே கட்டடத்தில், உங்களுக்கு ஒரு மாடி கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரே ராத்திரியில் சர்வரின் ஓஎஸ்ஸை உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்கு ஏற்றினீர்கள், விடிந்ததிலிருந்து எங்கள் பில்லிங் கன்டெய்னர் (பில்லிங் ப்ரோகிராம் தனியே அடைபட்டு ஓடுகிற பெட்டி) மணிக்கொரு தரம் 137 என்ற வெளியேறும் எண்ணைச் சொல்லிவிட்டுச் சாகிறது, டிக்கெட் போட்டால் "மெமரி லீக், உங்க கோடைப் பாருங்க" என்று அதே பதில், அதாவது எங்கள் ப்ரோகிராம் எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்கிறதாம். நாலு நாள் பார்த்தோம். லீக் இல்லை.

கன்டெய்னர் என்று கெர்னலில், அதாவது ஓஎஸ்ஸின் மையத்தில், தனியாக ஒரு பொருள் கிடையாது. கெர்னலின் இரண்டு வசதிகள் சேர்ந்ததுதான் அது: நேம்ஸ்பேஸ் சுவர், சிகுரூப் சப்-மீட்டர். காம்பவுண்டு வீட்டில் குடியிருந்த யாருக்கும் இது புரியும்: சுவர் பக்கத்து வீட்டை மறைக்கும், அவர் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்காது. மீட்டர் பார்க்கும், ஆனால் அதை வீட்டுக்குள் மாட்டுவதில்லை. நீங்கள் வைத்த 2 ஜிபி மெமரி வரம்பை சிகுரூப் கறாராகக் காக்கிறது, சரி. ஆனால் கன்டெய்னருக்குள் போய் மெமரி அளவைக் காட்டும் ஃப்ரீ கமாண்ட் அடித்துப் பாருங்கள், ஹோஸ்டின், அதாவது முழு சர்வரின், 64 ஜிபியும் முழுசாகத் தெரியும்.

எங்களிடம் இருப்பது பழைய ஜாவா 8. சிகுரூப் முதல் பதிப்பை மட்டும் படிக்கத் தெரிந்தது. 22.04-இல் இரண்டாம் பதிப்புதான் வழக்கம், அதில் கோப்புகளின் பெயரும் இடமும் வேறு. ஜாவா தேடிப் பார்க்கிறது, கிடைக்கவில்லை, வரம்பே இல்லை போல என்று ஹோஸ்ட் மெமரியில் கால் பங்கை, அதாவது 16 ஜிபியை, ஹீப்புக்கு (ஜாவா தன் டேட்டாவை வைக்கும் மெமரி) உச்சமாக வைத்துக்கொண்டு வளர்கிறது. 2 ஜிபியில் கெர்னல் கொல்கிறது. 128-ஓடு, கொல்வதற்கான சிக்கில் (SIGKILL) சிக்னலின் எண் 9-ஐக் கூட்டினால் 137.

இன்னொன்று. "நீங்க சொல்ற பிஐடி லாக்லயே இல்லையே" என்று திருப்பி அனுப்பினீர்களே, எப்படி இருக்கும்? பிஐடி என்பது ஓடுகிற ப்ரோகிராமின், அதாவது ப்ராசஸின், எண். கன்டெய்னருக்கு உள்ளே எங்கள் ப்ராசஸ் 1, வெளியே கெர்னல் லாகில் அதே ப்ராசஸ் ஐந்து இலக்க எண். அதுவும் சுவரின் வேலைதான், எங்களுக்கே இது மூன்றாம் நாள்தான் உறைத்தது.

ஜாவாவை 8யு372-க்கு நாங்கள் ஏற்றிக்கொள்கிறோம், அந்தப் பதிப்பிலிருந்து இரண்டாம் சிகுரூப்பும் தெரியும். அதுவரை ஹீப் அளவைக் கையால் கொடுத்துவிடுகிறோம். நீங்கள் செய்ய வேண்டியது: எங்கள் சிகுரூப்பின் மெமரி ஈவென்ட்ஸ் கோப்பை நாங்களும் பார்க்கிற மாதிரி திறந்துவிடுங்கள், மெமரி தீர்ந்து கெர்னல் கொன்ற (ஊம் கில்) எண்ணிக்கை அதில்தான் ஏறுகிறது. அப்புறம், அடுத்த தடவை ஓஎஸ் மாற்றும்போது முந்தின நாளாவது ஒரு வரி சொல்லுங்கள்.