‘ஒரிஜினலைக் கொண்டு வா’ என்ற கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டரல் கமிட்டி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் என் மூன்றாம் இயலின் அடிக்குறிப்புகள் மேல் சிவப்பு மை ஓடியது உங்களுக்கே தெரியும். 2005 ஜூலையில் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கியபோது இணையக் குழுக்களில் பாம்பன், மண்டபம் பக்கத்து ஆட்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் அந்த இயல். அந்தப் பேச்சையே அடித்துவிட்டால் தலைப்பைத் தவிர என்ன மிஞ்சும்? அடித்ததைத் திரும்பச் சேர்க்க விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

லிங்க் திறக்கவில்லை என்கிறீர்கள். திறக்காதுதான், அந்தப் பேச்சு நடந்த யாகூ குழுக்கள் 2020 டிசம்பரில் மொத்தமாக மூடப்பட்டுவிட்டன. என்னிடம் இருப்பது பாம்பன்காரர் ஒருவர் அப்போதே மடல்களைச் சேமித்து வைத்திருந்த சிடி. அதில் பாதி, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியில் அடித்தவை. இன்றைய கணினியில் திறந்தால் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றினாலும் சில இடங்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். வரி வரியாகச் சரிசெய்து, மாற்றாத பிரதியையும் பின்னிணைப்பில் வைத்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் உறுப்பினர் ஒருவர், "என்னம்மா கிறுக்கல் இது, ஒரிஜினலைக் கொண்டு வா" என்றார். ஐயா, அதுதான் ஒரிஜினல்.

கடலைத் தோண்டினால் பவளப்பாறை செத்துவிடும் என்று மடலில் இருக்கிறது என்பதற்காக அது நடந்தது என்று நான் எழுதவில்லை. அந்தப் பயம் அன்றைக்கு இருந்தது என்பதற்குத்தான் அது சான்று. குழுவுக்குள் பேசியதை இருபது வருடம் கழித்து ஒருத்தி ஆய்வேட்டில் போடுவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், அதனால் பெயர்களையும் எடுத்துவிட்டேன். இப்படிப்பட்ட பதிவுகளை மேற்கோள் காட்டும் முறை, ஆய்வேடுகளுக்கான மேற்கோள் விதிகளைச் சொல்லும் ஏபிஏ கையேட்டிலேயே இருக்கிறது.

அதே இயலில், ‘பெயர் சொல்ல விரும்பாத மீனவர் ஒருவர்’ பேசிய செய்தித்தாள் துணுக்குக்கு மட்டும் டிக் போட்டிருக்கிறீர்கள். அச்சில் வந்தால் மீனவர் பொய் சொல்ல மாட்டார் போல! எங்கள் கரையில் எதற்கும் இதே கதைதான், வலை போடுகிறவர் சொன்னால் புரளி, ஒரு நாள் வந்து போட்டோ எடுத்துப் போனவர் சொன்னால் ஆய்வறிக்கை. சரி, அது வேறு சண்டை.

குழுவின் பெயர், தேதி, மடல் எண், சேமித்த பிரதி இவ்வளவும் இருந்தால் பழைய இணைய உரையாடலை மூலச் சான்றாக ஏற்கலாம் என்று தயவுசெய்து எழுத்தில் ஒரு வரி தாருங்கள். முடியாது என்றால் அதையும் காரணத்தோடு எழுத்திலேயே தாருங்கள். ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸ் கொடுப்பதற்குள் கிடைத்தால் நல்லது.

பணிவுடன்,
மண்டபத்து ஆய்வு மாணவி