நிறுத்தினால் ஆஃப் ஆகிற வண்டி

அன்புள்ள மகளுக்கு,

சிக்னலில் நின்றால் உன் கார் ஆஃப் ஆகிறது என்று தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க இன்ஜினைப் பிரித்துப் போட்டவன் ஒருத்தன் வீட்டில் இருக்கிறேன், என்னிடம் சொல்ல உனக்குத் தோன்றவில்லை. சரி, போகட்டும். நீ அவனுக்கு அனுப்பிய குரல் பதிவை வாங்கிக் கேட்டேன். ஓடும்போது ஒன்றும் இல்லை, ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து நிற்கப் போனால் அணைகிறது, நியூட்ரலில் போட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே எடுக்கிறது என்று எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாய்! என்னிடம் வண்டி விட்டவர்களில் இப்படிச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

பெட்ரோல் பம்பை மாற்றச் சொன்னார்களாமே, அவசரப்படாதே. பம்பு சோர்ந்தால் பெரும்பாலும் மேடு ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அப்போதுதானே இன்ஜின் பெட்ரோலை நிறையக் கேட்கும்? உன் வண்டி அங்கெல்லாம் நன்றாக இழுக்கிறது. சூடேறியதும் அணைந்து, ஆறும்வரை ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படலாம். அதுவும் இல்லை. எனவே முதலில் காற்றைப் பார்.

ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும், இன்ஜினுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்துகிற த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். விளிம்பில் நுழைகிற கொஞ்சம் காற்றை வைத்துத்தான் இன்ஜின் நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் தன்னைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அந்த விளிம்பில் கரி படிந்தால் வழி குறுகும். இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து சமாளிக்கும், ஓரளவுக்கு மேல் அதனாலும் முடியாது. ஏசி இன்ஜினுக்குக் கூடுதல் சுமை, அதைப் போட்டிருக்கும்போது இன்னும் சீக்கிரம் அணைகிறதா என்று கவனித்துச் சொல்.

சுத்தம் செய்வது உன்னால் முடிகிற வேலைதான். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், இக்னிஷன் ஆஃபில் இருக்க வேண்டும். ஏர் ஃபில்டரில் இருந்து வருகிற குழாயைக் கழற்றி, த்ராட்டில் பாடிக்கென்றே (அந்தத் தகடு இருக்கிற கூடு) விற்கிற கிளீனரைத் துணியில் அடித்துத் துடை. தகட்டை விரலால் அழுத்தித் திருகாதே. உள்ளே மோட்டாரும் பல்சக்கரமும் இருக்கின்றன, கெட்டுவிடும். துடைத்த பிறகு ஐடில், அதாவது நிற்கும்போது இன்ஜின் சுற்றுகிற வேகம், ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் பழைய கரியின் கணக்கிலேயே இருக்கும். அதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் முறை வண்டியோடு வந்த புத்தகத்திலோ மெக்கானிக்கின் ஸ்கேனரிலோ இருக்கும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் வேக்யூம் கசிவு, அதாவது த்ராட்டிலுக்குப் பின்னால் வெடித்த ஹோஸ் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுவது. ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் காட்டச் சொல், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்கிற கணக்கு அது. உன் வண்டியில் காற்றை அளக்கிற மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருப்பதால் இது நன்றாகவே தெரியும். ஐடிலில் கூட்டல் 15 சதவீதத்துக்கு மேல் நின்று, 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால், அளவில் வராத காற்று எங்கோ உள்ளே நுழைகிறது. ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் வளைத்துப் பார். வெடிப்பு பெரும்பாலும் வளைவிலும் முனையிலும்தான் இருக்கும்.

அந்த ஹோஸ்களில் தடிமனான ஒன்று, வேக்யூமை வைத்து உன் மிதிக்குப் பலம் சேர்க்கிற பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. தம்பி சொன்ன நாளில் இருந்து எனக்கு அந்த நினைப்பாகவே இருக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது உஸ்ஸென்று சத்தம் கேட்டு இன்ஜின் தடுமாறினால், பூஸ்டருக்குள்தான் கசிவு. இதை இன்றே சோதித்துப் பார். இன்ஜினை நிறுத்திவிட்டு, பிரேக் பெடல் கெட்டியாகும்வரை நான்கைந்து முறை மிதி. காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்த வண்டியை எடுக்காதே. வேலைக்கு வேறு எதிலாவது போய்க்கொள்.

உருண்டுகொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதே. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்து. ஸ்டியரிங் கனக்கும், இரண்டு கையாலும் பிடி. நிற்கும்வரை சாவியை உருவாதே, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்டு லைட்டைப் போடு. கைகால் பதறாமல் செய்வாய், எனக்குத் தெரியும். பழைய வெள்ளை வண்டி அன்று பாலத்தின் மேல் நின்றபோது உன் சித்தப்பாவே கத்தினார், நீதான் இறங்கி எச்சரிக்கை முக்கோணத்தை வைத்தாய்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. உன்னுடையது ஆட்டோமேட்டிக். ஆள் இல்லாத இடத்தில், நிற்பதற்குச் சற்று முன்னால் நியூட்ரலுக்குத் தள்ளிப் பார். அப்போது மட்டும் அணையாமல் இருந்தால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப், அதாவது இரண்டையும் பூட்டிப் பிடிக்கிற கிளட்ச், நிற்கும்போதும் விடாமல் பிடித்திருக்கலாம். அது கியர்பாக்ஸ் வேலை, நீ கை வைக்காதே.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மாப்பிள்ளைக்கு வண்டி விஷயம் தெரியுமா? தெரியாவிட்டாலும் ஒன்றுமில்லை, நான் அவரிடம் பேசப் போவதில்லை. குரல் பதிவில் பின்னால் ரோட்டுச் சத்தமே இல்லை, பின்னிரவு போலிருந்தது. ராத்திரியில் அணைகிற வண்டியை நம்பிப் போகாதே, அவ்வளவுதான். உன் அறையில் இருந்த பெட்டிகளை அம்மா மாடிக்கு ஏற்றிவிட்டாள். ஷெட்டிலும் ஒரு பக்கம் காலி செய்திருக்கிறேன். வண்டியோடு வந்தாலும் சரி, வண்டி இல்லாமல் வந்தாலும் சரி, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

முதலில் பிரேக் பெடலைப் பார்த்துவிட்டு எனக்கே போன் செய், தம்பிக்கு அல்ல. ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஐடிலை ஏற்றி வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதே. கசிவு அப்படியேதான் இருக்கும். பெடல் இறங்கியதா இல்லையா, அதை மட்டுமாவது இன்று சொல்லிவிடு.