நீ அடிச்சு வச்ச அந்தக் கணக்கு

பாப்பா,

ஞாயித்துக்கிழமை ராத்திரி நீ போன்ல அழுதப்ப எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. "சாப்பிட்டியா, தூங்கு, காலைல பேசுவோம்"னுதான் வாய்ல வந்துச்சு. காலைல கூப்பிட்டா நீ ஒண்ணுமே நடக்காத மாதிரி "க்ளாஸுக்கு நேரமாச்சும்மா"ன்னு வச்சுட்ட. அதான் டைப் பண்றேன், ரெண்டு நாளா, பேப்பர் திருத்துற நேரம் போக கொஞ்சம் கொஞ்சமா. நீளமாத்தான் இருக்கும், மெஸ்ல உக்காந்து படிக்காத, ரூமுக்குப் போயி படி.

நீ சொன்னது எல்லாம் அப்படியே காதுல இருக்கு. சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்ல, கணக்கும் கம்ப்யூட்டரும் சேந்த பி.எஸ்சி.ல, கூட இருக்கிற பிள்ளைங்கள்ல பாதிப் பேரு கணக்கு ஒலிம்பியாட் போட்டி எழுதி வந்தவங்க, அவங்க பாத்த உடனே எழுதுற நிரூபணத்துக்கு எனக்கு ஒரு வாரம் ஆகுது, கணக்கும் முழுசா வரல கம்ப்யூட்டரும் முழுசா வரல ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன், இன்ஜினியரிங் சேர்ந்த என் ஃப்ரெண்டு ஆப் செஞ்சு காட்டுறா நான் ஹாஸ்கெல்னு யாரும் கேள்விப்படாத ஒரு கம்ப்யூட்டர் மொழியில நாலு வரி எழுதிட்டு உக்காந்திருக்கேன்னு சொன்ன. இங்க சொந்தக்காரங்க கேக்குற கேள்வியும் உனக்குத் தெரியும். "பி.எஸ்சி.யா? ஏன், இன்ஜினியரிங் கிடைக்கலையா?" போன வாரம் கல்யாண வீட்டுலயும் ஒருத்தங்க கேட்டாங்க. கிடைச்சும் வேண்டாம்னு போனான்னு சொன்னேன், அவங்க நம்பல, பரவாயில்ல. அதை நீ சுமக்காத, அதுக்கு பதில் சொல்ல நான் இருக்கேன்.

உன்கிட்ட இதுவரை சொல்லாத ஒண்ணு சொல்றேன். நான் எம்.எஸ்சி. கணக்குல ஃபர்ஸ்ட் க்ளாஸ், சர்டிஃபிகேட் பீரோல இருக்கு, நீயும் பாத்திருக்க. ஆனா அனாலிசிஸ் பேப்பர்ல எப்சைலான் டெல்டா வர்ற ஒவ்வொரு தேற்றத்தையும் நான் மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன். விடியக்காலைல எந்திரிச்சு மொட்டை மாடில நடந்துக்கிட்டே ஒப்பிப்பேன், ஒரு வரி மறந்தா அதோட அடுத்த வரியும் போயிரும். ஏன்னு கேக்கணும்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல, கேட்டா சிலபஸ் முடியாதுன்னாங்க. அதனால எனக்குப் புரியலங்கிறதே எனக்குத் தெரியாது பாப்பா. உனக்குத் தெரியுது. எந்த வரியில புரியாம நின்னோம்னு உன்னால விரல் வச்சுக் காட்ட முடியுது. இதை ஆறுதலுக்குச் சொல்லல, இருபது வருஷமா போர்டு முன்னாடி நிக்கிறவளா சொல்றேன்.

பொங்கலுக்கு வந்தப்ப அந்த நீல அட்டை போட்ட நோட்டை விட்டுட்டுப் போயிட்ட. அனுப்பத்தான் எடுத்தேன், பிரிச்சுப் பாத்துட்டேன், கோச்சுக்காத. நடுவுல ஒரு பக்கத்துல பாஸ்கல் முக்கோணம் போட்டு வச்சிருந்த, ஓரத்துல 1 போட்டு, மேல பக்கத்துல பக்கத்துல இருக்குற ரெண்டு எண்ணைக் கூட்டிக் கீழ எழுதிக்கிட்டே போறது. நான் வருஷா வருஷம் ப்ளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு ஈருறுப்புத் தேற்றத்துல போடுற அதே முக்கோணம். கீழ உங்களுக்குக் குடுத்த கணக்கு. வரிசையோட எண் பகா எண்ணா இருந்தா, ரெண்டு ஓரத்துல இருக்குற 1-ஐ விட்டுட்டு மத்த எல்லாம் அந்த எண்ணால வகுபடும், பகு எண்ணா இருந்தா வகுபடாத ஒண்ணாவது இருக்கும், நிரூபி. முதல் பாதியை அழகா எழுதியிருக்க. ரெண்டாவது பாதில மூணு வரி எழுதி, அடிச்சு, பென்சில்ல "வரல"ன்னு எழுதி வச்சிருந்த. அந்தப் பக்கம் கொஞ்சம் நமத்துப் போயிருந்துச்சு, என்னன்னு நான் கேக்கல.

எனக்கு அது ஆச்சரியமா இருந்துச்சு பாப்பா. இத்தனை வருஷமா போர்டுல எழுதுறேன், ஒரு தடவை கூட இது கண்ணுல படல. 7-ம் வரிசையை, அதாவது ஓரத்து 1-ஐ அடுத்து 7 வர்ற வரிசையை, எழுதிப் பாத்தேன். 1, 7, 21, 35, 35, 21, 7, 1. எல்லாம் ஏழால வகுபடுது. 6-ம் வரிசை 1, 6, 15, 20, 15, 6, 1. 15 வகுபடாது, 20-உம் வகுபடாது. 9-ம் வரிசைல 84 இடிக்குது. அன்னைக்கு சாயங்காலம் அடுப்புல பருப்பு அடி பிடிச்சிருச்சு, அப்பா ஒண்ணும் சொல்லாம மோரு ஊத்திச் சாப்பிட்டுட்டுப் போனாரு.

அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. 2002-ல நான் பி.எட். படிக்கிறப்ப, கான்பூர் ஐ.ஐ.டி.ல மணீந்திர அகர்வால்னு ஒரு பேராசிரியர், கூட அப்பத்தான் பி.டெக். முடிச்ச நீரஜ் கயல், நிதின் சக்சேனா ரெண்டு பேரும் சேந்து, ஒரு எண் பகா எண்ணான்னு சந்தேகத்துக்கே இடமில்லாம, அதுவும் சீக்கிரமா சொல்ற ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. உலகமே பேசுச்சு, 2006-ல கம்ப்யூட்டர் கோட்பாட்டுக்குக் குடுக்குற கோடெல் பரிசு கூட குடுத்தாங்க. அது என்னன்னு அப்ப எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் முயற்சி பண்ணல. இப்பத் தேடிப் படிச்சா, அதோட விதையே உன் நோட்டுல இருக்குற இந்தக் கணக்குதான்! அந்த வரிசையில எல்லாம் வகுபட்டா பகா எண், இல்லாட்டி இல்ல. ஆனா நூறு இலக்க எண்ணுக்கு அந்த வரிசையை முழுசா எழுத பிரபஞ்சத்தோட வயசே பத்தாது. அவங்க முழு வரிசையையும் பாக்கல. அந்த வரிசை எண்களைக் கெழுவா வச்சிருக்கிற பெரிய இயற்கணிதக் கோவையை ஒரு சின்னக் கோவையால வகுத்து, மீதியை மட்டும் எடுத்து, அதையும் கொஞ்சம் தடவை சோதிச்சாலே போதும், ஏமாறவே மாட்டோம்னு நிரூபிச்சாங்க.

இப்ப நீயே சொல்லு, இதுல கணக்கு எது கம்ப்யூட்டர் எது? வகுபடும்ங்கிறது கணக்கு. எத்தனை படில முடியும், ஆயுசுக்குள்ள முடியுமான்னு கேக்குறது கம்ப்யூட்டர். சுருக்குவழி ஏமாத்தாதுன்னு காட்ட திரும்பக் கணக்குதான் வேணும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன்னு சொன்னியே, அந்த நடுவுலதான்டி அவங்க மூணு பேரும் நின்னாங்க. உன் ஃப்ரெண்டு செய்ற ஆப்பை நான் குறைச்சுச் சொல்லல, அவளும் கஷ்டப்பட்டுத்தான் செய்றா. நீ கத்துக்கிறது வேற. ஹாஸ்கெல்ல ஒரு வேலையை அதே மாதிரி சின்ன வேலையா மாத்திக்கிட்டே போயி சைபர்ல நிப்பாட்டுவோம்னு லீவுல காட்டினியே, அது, முதல் படி சரி, ஒரு படி சரின்னா அடுத்ததும் சரின்னு காட்டி எல்லாத்தையும் நிரூபிக்கிற கணிதத் தொகுத்தறிதல்னு நான் சொல்லித் தர்றேனே, அது மாதிரியேதான் இருந்துச்சு எனக்கு.

உங்க இடத்தை ஆரம்பிச்ச சேஷாத்ரி சாரும் நம்ம பக்கத்துல இருந்தே வந்தவருதான். காஞ்சிபுரத்துல பிறந்து, செங்கல்பட்டுல பள்ளிக்கூடம் படிச்சு, லயோலால ஹானர்ஸ் முடிச்சு, பம்பாய் டாடா இன்ஸ்டிடியூட்ல பெரிய ஆளா ஆனவரு. 1989-ல தி.நகர்ல ஒரு கட்டடத்துல சின்னதா தொடங்கி, 2005-லதான் சிறுசேரிக்கு வந்துச்சு. ஆராய்ச்சி பண்றவங்ககிட்டயே பதினேழு பதினெட்டு வயசுப் பிள்ளைங்க நேரா பாடம் படிக்கணும்னு நினைச்சு அப்படி ஒரு இடத்தை உண்டாக்கினாரு. கர்நாடக சங்கீதமும் நல்லா பாடுவாராம். எனக்கு இந்த மாதிரி ஒரு இடம் இருக்குன்னு உன் வயசுல தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் ஆச்சி அனுப்பியிருக்க மாட்டாங்க. அதுக்காக என் ஆசையை உன் தலையில கட்டுறேன்னு நினைக்காத.

அப்பாகிட்ட பேசிட்டேன். "பிள்ளை கஷ்டப்பட்டா கூட்டிட்டு வந்துருவோம்"னு அவரு ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு. எனக்கும் அதேதான், ஆனா ஒண்ணு கேக்குறேன். இந்த செமஸ்டரை முடி. மார்க் என்ன வந்தாலும் சரி, ஃபெயிலானாலும் சரி, முடி. புரியலன்னா சார்கிட்ட போயி கதவைத் தட்டிக் கேளு, அந்த ஒலிம்பியாட் பிள்ளைங்ககிட்டயும் கேளு, கேக்குறது கேவலம் இல்ல. மே மாசம் நான் ரயில்ல தாம்பரம் வந்து, கேளம்பாக்கம் பஸ் பிடிச்சு வந்து உன் முன்னாடி நிப்பேன். அப்பவும் வேண்டாம்னு தோணுச்சுன்னா பெட்டியைக் கட்டு, ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ராத்திரில, அழுதுக்கிட்டு, பசியோட மட்டும் முடிவு எடுக்காத.

இப்ப அந்த ரெண்டாவது பாதி. ஒம்பது நாள் ஆச்சு எனக்கு. பஸ்ல போறப்ப, எக்ஸாம் ஹால்ல நிக்கிறப்ப எல்லாம் இதே நினைப்பு. 12-ம் வரிசையை எடுத்துக்கிட்டேன். 12-ல இருக்குற பகா காரணி 3. ஓரத்து 1-ஐ சைபர்னு வச்சு எண்ணினா வர்ற மூணாவது இடத்துக்கு 12, 11, 10 மூணையும் பெருக்கி 3, 2, 1 பெருக்குனதால வகுக்கணும், 220 வருது. மேல 12-ல ஒரு 3 இருக்கு, கீழ இருக்குற 3 அதைத் தின்னுருது. 11-லயும் 10-லயும் 3 கிடையாது. அதனால 220-ல 3 இல்ல, 12-ஆல வகுபடாது. பக்கத்து எண்கள்ல 3 வராதுன்னு எப்படி எப்பவும் சொல்றதுன்னுதான் நாலு நாள் முழிச்சேன். அப்புறம் ஸ்டாஃப் ரூம் காலண்டரைப் பாத்தேன். ஒரு ஞாயித்துக்கிழமைக்கும் அடுத்த ஞாயித்துக்கிழமைக்கும் நடுவுல இன்னொரு ஞாயித்துக்கிழமை வருமா? வராதுல்ல. 3-ஓட மடங்கும் அப்படித்தான், அவ்வளவுதான் பாப்பா. நீ அடிச்சு வச்ச மூணாவது வரியும் அதைத்தான் சொல்ல வந்திருக்கு, இன்னும் ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். நோட்டை நாளைக்குக் கொரியர்ல போடுறேன், அந்தப் பக்கத்துல நான் ஒண்ணும் எழுதல.

ஆனா ஒண்ணு எனக்கு இன்னும் பிடிபடல. காரணி பகா எண்ணா இருக்கணுமா, எந்தக் காரணியா இருந்தாலும் நடக்குமான்னு போட்டுப் பாத்தேன். அதே 12-ம் வரிசைல நாலாவது இடத்துல 495, வகுபடல, சரி. ஆறாவது இடத்துல 924, அது 12-ஆல மிச்சமில்லாம 77 வருது. 4-க்கு சரியா வர்றது 6-க்கு ஏன் கைவிடுது? ரெண்டுமே பகா எண் இல்லையே. நீ பாத்துட்டு ஞாயித்துக்கிழமை சொல்லு.

அம்மா